பைலாவும் துள்ளிசையும்: இரவலும் கவர்தலும்

ஒரு மக்கட்கூட்டத்தாரின் இசையை மற்றொரு கூட்டத்தார் எடுத்தாளுமிடத்து, அது நயத்தலா கவர்தலா என்னும் வினா எழுகின்றது. ஈழத்துத் தமிழ்த் துள்ளிசையை முன்னிறுத்தி அவ்வினாவை நோக்குவது பயனுடையது. தமிழர் இரவல் பெற்றோராகவும் இரவல் கொடுத்தோராகவும் ஒருங்கே நிற்கும் துறை அது.

கொழும்புத் துறைமுகத்தை அடுத்த கொச்சிக்கடையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர், சிங்களவர், பரதவர், மலையாளிகள், பறங்கியர் எனப் பலரும் அயலவராய் வாழ்ந்துள்ளனர். புனித அந்தோனியார் திருத்தலத்தில் இன்றும் பல மொழிகளில் வேண்டுதல்கள் ஒலிக்கின்றன. இத்தகைய சூழலில் எந்த மெட்டும் ஒரு மொழிக்குள் அடங்கி நிற்பதில்லை. ஆகவே கலப்பையே குற்றமெனக் கொள்வது வரலாற்றுக்கு ஒவ்வாது. கலப்பின் முடிவில் யார் பெயர் நின்றது, யார் பெயர் மறைந்தது என்பதே ஆராயத்தக்கது.

'பைலா' என்பது ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கேய வினையடியாகப் பிறந்த சொல். அதற்கு மூலமான கபிரிஞ்ஞா எனும் ஆடலிசையை வளர்த்தோர் போர்த்துக்கேயப் பறங்கியரும், ஐரோப்பிய ஆட்சியாளரால் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட காப்பிரியருமாவர். கொம்பனித்தெருவின் பழைய ஆங்கிலப் பெயர் 'அடிமைத்தீவு' எனப் பொருள்படுவது அவ்வரலாற்றின் எச்சமாகும். 1940களில், காவற்றுறையிற் பணியாற்றிய வொலி பஸ்தியன் அவ்விசையின் ஆறெட்டுத் தாளத்தைச் சிங்களப் பாடலுக்குப் பொருத்தினார். 1960, 70களில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் வளர்த்த தமிழ்த் துள்ளிசை அதன் சாயலை ஏற்றது.

மனோகரனின் புகழ்பெற்ற 'சுராங்கனி', சுராங்கனி என்பாளுக்கு மீன் கொண்டுவருவதைக் கூறும் சிங்களப் பல்லவியை அப்படியே வைத்துக்கொண்டு தமிழில் விரிகின்றது. 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டத்திற்குப் பின்னரும் இருமொழியும் ஒரே பாடலில் நின்றமை கருதத்தக்கது. மூலத்தின் மொழியை மறைக்காத இரவல் அது. பின்னர் 1977இல் இளையராஜா இசையமைத்த 'அவர் எனக்கே சொந்தம்' திரைப்படத்தில் அப்பாடல் இடம்பெற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் இந்நாட்டில் தமிழர் மீது வன்முறை கட்டவிழ்த்துவிடப்பட்டது. பாட்டு கடலைக் கடந்து கொண்டாடப்பட்டது. பாட்டின் மக்கள் ஏதிலிகளாயினர்.

சென்னைத் திரையுலகின் சந்தை வலிமைக்கு முன் ஈழத்துக் கலைஞர் எளியோர் என்பது மெய்யே. ஆயினும் அதனைச் சுட்டும் நமது விமர்சனம், மனோகரனுக்கு முன்னே சென்று காப்பிரியரைப் பெரும்பாலும் நோக்குவதில்லை. இதற்கு வர்க்கக் காரணமும் உண்டு. கருநாடக இசையைப் போற்றிய நடுத்தர வர்க்கம் பைலாவைக் களியாட்டப் பாட்டெனத் தள்ளியது. இழிவெனக் கருதியதன் வரலாற்றைத் தேட வேண்டுமென்ற எண்ணம் அதற்குத் தோன்றவில்லை.

தென்னாபிரிக்கரான சொலமன் லிண்டா 1939இல் ஒலிப்பதிவு செய்த பாடலின் உரிமை பத்துச் சிலிங்குக்குக் கைமாறியது. அது பின்னர் அமெரிக்காவிற் பெரும்பொருள் ஈட்ட, அவர் 1962இல் வறியவராய் இறந்தார். 2006இலேயே குடும்பத்தார்க்கு இணக்கத் தீர்வு கிட்டியது. ஆங்கே ஆக்கியோன் பெயர் தெரிந்தமையால் சட்டம் துணைநின்றது. கபிரிஞ்ஞாவுக்குத் தனியொரு ஆக்கியோன் இல்லை. அதனை ஆக்கியது ஒரு சமூகம். சட்டம் வாய்திறவா இவ்விடத்தில் விமர்சனத்தின் பொறுப்பு மிகுகின்றது.

புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் காப்பிரியர் வழித்தோன்றல்கள் 'மஞ்ஞ' பாடல்களை இன்றும் பாடுகின்றனர். அன்றாட வாழ்விலிருந்து போர்த்துக்கேயக் கிரியோல் மொழி நீங்கிய பின்னும் அப்பாடல்களில் அது நிலைத்துள்ளது. மட்டக்களப்புப் பறங்கியரிடமும் இம்மரபு உண்டு. துள்ளிசையின் வரலாற்றை எழுதுவோர் இவர்களிடமிருந்து தொடங்குதல் வேண்டும். துள்ளிசை விழாக்களில் இவர்களுக்கு மேடையும், வருவாயில் உரிய பங்கும் அளிக்கப்படல் வேண்டும். இவற்றைச் செய்யுமிடத்தே நயத்தல் என்னும் சொல்லுக்கு நாம் உரியவராவோம்; திரையுலகை நோக்கி நாம் விடுக்கும் வினாவும் அப்போதே நேர்மை பெறும்.