ஏமாற்றி வாங்கும் வோல்ட்

சிம் லிம் சதுக்கத்தில் மதர்போர்டு வாங்கி, சாலையைக் கடந்து ஜாலான் புசாரில் இருக்கும் சிம் லிம் டவரில் ஒரு திருகு ரெசிஸ்டரும் ஈயக் கம்பியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன ஒரு கூட்டம் 2000களின் தொடக்கத்தில் இருந்தது. பக்கத்திலேயே தேக்காவில் மீனும் கீரையும் வாங்க வந்தவர்களுக்கு இவர்களைத் தெரிந்திருக்க நியாயமில்லை. பெரும்பாலும் இளைஞர்கள்: பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள், தேசிய சேவையில் விடுப்பு கிடைத்தவர்கள். புதிய போர்டின் உத்தரவாதச் சீட்டின் மை காய்வதற்குள் அதில் சால்டரிங் இரும்பை வைத்தார்கள். நோக்கம், தயாரிப்பாளர் அனுமதித்ததைவிடக் கூடுதலாக வோல்ட் கொடுத்து, கூட்டிய வேகத்திலும் கணினி தடுமாறாமல் ஓடச் செய்வது. வோல்ட் மாட் என்பது இதுதான். நிலைத்தன்மைக்காகச் செய்கிறோம் என்ற அவர்களின் வாதம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதுதான் என் கேள்வி.

வாதத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ, பஸ் வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் 450இல் ஓடியது. பாதி விலைக்கும் கீழே உயர்ரகச் சிப்பின் வேகம். சில சிப்புகளுக்கு அதற்குக் கொஞ்சம் கூடுதல் வோல்ட் தேவைப்பட்டது. எல்லா போர்டும் அதைத் தரவில்லை. சில ஆண்டுகள் கழித்து நினைவகத்தில் இதே இடைவெளி இன்னும் பெரிதாகத் தெரிந்தது. வின்பாண்டின் பிஎச்-5 சிப் கொண்ட நினைவகம் 3.2 வோல்ட்டுக்கு மேல் கொடுத்தால்தான் உற்சாகமாக ஓடும். ஏசுஸ் பி4சி800 போர்டோ 2.85 வோல்ட்டோடு கையை விரித்துவிடும். பயோஸில் இல்லாததைச் சால்டரிங் இரும்பால் பெற்றார்கள்.

செய்முறை வியக்கத்தக்க அளவுக்கு எளிது. வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் சிப், தான் வெளியே அனுப்பும் வோல்ட்டின் ஒரு பங்கை இரண்டு ரெசிஸ்டர்கள் வழியாகத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்தப் பங்கு, சொல்லிவைத்த அளவுக்கு, உதாரணமாக 0.8 வோல்ட்டுக்கு, சமமாக இருக்கும்படி வெளியீட்டை ஏற்றி இறக்கும். மேல் ரெசிஸ்டர் 2.25 கிலோ ஓம், கீழ் ரெசிஸ்டர் 1 கிலோ ஓம் என்றால் வெளியே வருவது 2.6 வோல்ட். கீழ் ரெசிஸ்டருக்கு இணையாக 10 கிலோ ஓமில் நிறுத்திய ஒரு திருகு ரெசிஸ்டரை வைத்தால் வெளியீடு 2.78 ஆகும், 5 கிலோ ஓமுக்குத் திருகினால் 2.96. சிப் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. அதற்குக் காட்டப்படும் கணக்குதான் பொய்.

பொய்க் கணக்கின் ஆபத்தும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஒட்டிய கம்பி கழன்றால் வோல்ட் பழைய அளவுக்கு இறங்கும், கணினி நின்றுபோகும், அவ்வளவே. ஆனால் திருகைத் தவறான பக்கம் கடைசிவரை திருப்பிவிட்டாலோ, வேறெப்படியாவது அந்த ரெசிஸ்டர் பூச்சியத்துக்குப் போனாலோ, கட்டுப்பாட்டுச் சிப் 'வோல்ட்டே வரவில்லை' என்று நம்பி முழு மூச்சாக ஏற்றும். விநாடிக்குள் நினைவகம் போய்விடும். திருகோடு தொடராக ஒரு நிலையான ரெசிஸ்டரை வைத்தால் இதைத் தடுக்கலாம். செலவு சில காசு. அதைச் சேர்க்காமல் எழுதப்பட்ட செய்முறைகள் எத்தனையோ உலவின என்பது இந்தப் பழக்கத்தின்மேல் எனக்குள்ள முதல் குறை.

இரண்டாவது குறை ஆழமானது. செயலிக்கு 1.40 வோல்ட் என்று அமைத்தால், சுமை ஏறும்போது அது 1.32க்கு இறங்குவதைப் பார்த்துப் பலர் கொதித்தார்கள். போர்டு மட்டமானது என்று முடிவுகட்டி, அந்த இறக்கத்தை ஒழிக்க ஒரு ரெசிஸ்டரின்மேல் பென்சிலால் தீற்றினார்கள். கிராஃபைட் மின்சாரம் கடத்தும். ரெசிஸ்டரின் அளவு குறையும். மல்டிமீட்டரில் எண் அசையாமல் நிற்கும். ஏசுஸ் பி5பி டீலக்ஸ் போர்டில் இந்தப் பென்சில் வித்தை புகழ்பெற்றது.

ஆனால் அந்த இறக்கம் குறையே இல்லை. இன்டெல் தன் வடிவமைப்பு விதிகளிலேயே கேட்டது. காரணம் இது: எண்பது ஆம்பியர் இழுத்துக்கொண்டிருக்கும் செயலி திடீரென்று ஓய்வெடுத்தால், சுருளில் ஓடிக்கொண்டிருந்த மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லாமல் வோல்ட் ஒரு கணம் மேலே எகிறும். சுமையில் 1.32இல் இருந்தால் அந்த எகிறல் 1.40க்குள் அடங்கிவிடும். பென்சில் தீற்றி 1.40இலேயே நிறுத்தியிருந்தால் அது 1.45ஐத் தாண்டக்கூடும். மைக்ரோ விநாடிகளில் நடந்து முடிகிற இந்த எகிறலைச் சராசரி காட்டும் மல்டிமீட்டர் பார்க்காது, அலைக்காட்டி வேண்டும். சால்டரிங் இரும்பு வைத்திருந்தவர்களில் அலைக்காட்டி வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். நிலையாக நின்றது அளவுக்கருவியின் எண்தான்.

பிரைம்95 நிரலை இரவு முழுக்க ஓட்டி, காலையில் பிழையில்லை என்றால் நிலைத்தன்மை உறுதி என்பார்கள். அது அந்த இரவுக்கான சான்று. பென்டியம் 4 நார்த்வுட் சிப்புகள் 1.7 வோல்ட்டுக்கு மேல் மாதக்கணக்கில் ஓடிச் செத்தபோது, 2002-03 வாக்கில் அந்தச் சாவுக்கு ஒரு நோய்ப்பெயரே சூட்டினார்கள். சாகாத சிப்பும் தேய்கிறது: முன்பு 1.60இல் ஓடிய வேகத்துக்கு இப்போது 1.65 வேண்டும், அடுத்து 1.70. ஒவ்வொரு முறையும் திருகுதான் தீர்வு, நோயும் அதுவேதான்.

இதில் சிங்கப்பூரின் வானிலைக்கும் ஒரு பங்கு உண்டு. மின்திறன் வோல்ட்டின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 1.6இலிருந்து 1.8க்குப் போய், வேகத்தையும் 15 சதவீதம் கூட்டினால் வெப்பம் ஏறத்தாழ 45 சதவீதம் எகிறும். ஐரோப்பியக் குளிர்காலத்தில் எழுதப்பட்ட செய்முறையில் அறைக்காற்று 18 பாகையாக இருந்திருக்கும். ஏர்கான் ஓடாத வீவக அறையில் பிற்பகல் மூன்று மணிக்கு அது 31. சரி, குளிர்விக்கலாம் என்றால் அங்கும் தடை. இங்கே பனிநிலை வழக்கமாக 24 பாகைக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதற்குக் கீழே எதைக் குளிர்வித்தாலும் வியர்க்கும். நீரைக் குளிரூட்டிச் செயலிக்கு அனுப்பினால் சாக்கெட்டைச் சுற்றி முத்துமுத்தாக நீர் கட்டும். போர்டில் துடைக்காமல் விட்ட ஃப்ளக்ஸ் அந்த ஈரத்தை வரவேற்று உட்கார வைத்துக்கொள்ளும்.

இவ்வளவு சொன்ன பிறகும் இந்தப் பழக்கத்தை விளையாட்டுத்தனம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. 2000களின் முற்பகுதியில் மட்டமான மின்பகு திரவம் நிறைந்த கெபாசிட்டர்கள் தலை வீங்கி ஒழுகின. அவற்றைக் கழற்றி ரூபிகானோ நிச்சிகானோ வைத்தவர்களும் இதே கூட்டம்தான். வோல்ட்டின் சராசரியை ஏற்றாமல் அதன் அலைச்சலைக் குறைப்பது அந்த வேலை. நிலைத்தன்மை என்ற சொல்லுக்கு முழுத் தகுதி உள்ள திருத்தம் அது ஒன்றே என்பேன். புகைப்படம் எடுத்துப் போட்டுக்கொள்ள அதில் ஒன்றும் இல்லாததால், புகழ் முழுக்கத் திருகு ரெசிஸ்டருக்குப் போயிற்று.

பிறகு தயாரிப்பாளர்களே சால்டரிங் இரும்பைப் பிடுங்கிக்கொண்டார்கள். 2005இல் டிஎஃப்ஐ லேன்பார்ட்டி என்எஃப்4 போர்டு நினைவகத்துக்கு 4 வோல்ட் வரை பயோஸிலேயே கொடுத்தது. சில ஆண்டுகளில் பென்சில் வித்தை 'லோடு லைன் கேலிபரேஷன்' என்ற பெயரில் பட்டியலில் ஏறியது. அப்பாடா, இனி பொறியாளர் கையில் என்று நினைத்தோம். 2023இல் ஏஎம்டி ரைசன் 7000 வரிசையின் எக்ஸ்3டி சிப்புகள் சாக்கெட்டோடு கருகின. போர்டுகள் எஸ்ஓசி வோல்ட்டைத் தாராளமாக ஏற்றியிருந்தன, ஏஎம்டி 1.3 வோல்ட் என்று கடிவாளம் போட்டது. 2024இல் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் சிப்புகள் மிகுந்த வோல்ட்டால் தேய்ந்து தடுமாற, மைக்ரோகோடைத் திருத்தி உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தார்கள். ரோச்சோர் பக்கத்துப் பையன்களின் அசட்டுத் துணிச்சல் என்று சொல்லப்பட்டது, பெட்டியைப் பிரித்ததும் கிடைக்கும் இயல்புநிலை அமைப்பாகிவிட்டது.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு, அதுவும் பையன்களுக்குச் சாதகமாக இல்லை. 2012 செப்டம்பர் முதல் நடப்பிலுள்ள குறைபாட்டுப் பொருள் சட்டம், ஆறு மாதத்துக்குள் தெரியவரும் பழுது விற்கும்போதே இருந்ததாகக் கொள்கிறது; வாங்கியவரே கெடுத்த பொருளுக்கு அந்தச் சலுகை கிடையாது. தொழிற்சாலை ஏற்றிய வோல்ட்டால் சிப் கருகினால் கடையில் சண்டை போடலாம். தன் கையால் ஏற்றியிருந்தால், சுங்கை ரோடு சந்தையாவது இருந்த காலத்தில் செத்த போர்டைப் பாய் விரித்து விற்பவரிடம் தள்ளியிருக்கலாம். அதுவும் 2017 ஜூலையோடு மூடப்பட்டுவிட்டது. மிச்சம் இருப்பது மின்கழிவுத் தொட்டிதான்.