ஓவியமும் உடைமையுறவும்

செலின் சியாமாவின் ‘தீப்பற்றிய நங்கையின் உருவப்படம்’ (2019) என்னும் பிரெஞ்சுத் திரைப்படம் 18ஆம் நூற்றாண்டுப் பிரிட்டனிக் கரையோரத்தைக் களமாகக் கொண்டது. மிலான் நகரக் கனவான் ஒருவனுக்கு மணப்பெண் எலோயிசின் உருவப்படத்தை அனுப்புதற்பொருட்டே ஓவியர் மரியான் வரவழைக்கப்படுகிறாள். அவளது கலை இங்கு திருமணச் சந்தையின் கருவி. காதலியைத் தீட்டி முடித்தல் அவளை இழத்தலாகும் என்னும் முரண்பாடு இதனடியாகவே தோன்றுகிறது.

தாய் வீட்டிலில்லாத ஐந்து நாள்களில் எலோயிஸ் சமைக்க, பணிப்பெண் சோபி பூத்தையலில் ஈடுபடுகிறாள். வர்க்க வேறுபாடு நெகிழ்கிறது. தாய் மீண்டதும் பழைய ஒழுங்கும் மீள்கிறது. சோபியின் பிற்கால வாழ்வு குறித்துப் படம் மௌனம் சாதிப்பது குறைபாடே.

எனினும், இத்தகைய காதலைப் பூர்சுவாச் சீரழிவென ஒதுக்கும் முற்போக்காளர் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும்: இக்காதலைத் தோற்கடிப்பது மனப்பலவீனமன்று, பெண்ணைக் கைமாற்றும் உடைமையுறவே.