வட்டி விகிதமும் விளையில் எழும் வீடும்: தக்கலை வட்டாரத்தை முன்வைத்து வீட்டு வழங்கல் ஆய்வுகள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

வட்டி ஏறினால் முதலீடு சுருங்கும், வீடு கட்டும் பணியும் சுருங்கும் என்பது பொருளியல் ஆய்வுகளில் வேரூன்றிய கருதுகோள். கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தின் தலைமையிடமான தக்கலையையும் அதன் சுற்றுப்புறத்தையும் முன்வைத்து அக்கருதுகோளின் அடிப்படைகளை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. அயல்நாட்டு வருவாயால் வீடு எழும் வட்டாரத்தில் வட்டியின் விளைவு கடன் வழியாக மட்டுமன்றி நாணய மாற்று வழியாகவும் வருகிறது. அப்போது விளைவின் திசையே மாறக்கூடும் என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: வட்டி விகிதம், வீட்டு வழங்கல், அயல்நாட்டு வருவாய், முந்திரித் தொழில், கல்குளம்

முன்னுரை

நிறுவனம் ஒன்று புதிய இயந்திரம் வாங்குவதா வேண்டாமா என்பதை வட்டி, தேய்மானம், வரி ஆகியவை சேர்ந்த மூலதனப் பயன்பாட்டுச் செலவு தீர்மானிக்கிறது என டேல் ஜோர்கென்சன் 1963இல் விளக்கினார். அதே தருக்கத்தை 1984இல் ஜேம்ஸ் பொட்டெர்பா குடியிருப்போரின் சொந்த வீட்டுக்குப் பொருத்தினார். விலை ஏறியும் சில நகரங்களில் வீடுகள் ஏன் பெருகுவதில்லை என்ற வினாவுக்கு ஆல்பர்ட் சாயிஸ் 2010இல் நிலவியல் சார்ந்த விடையளித்தார். பெருநகர மையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் நீர்நிலைகளையும் 15 விழுக்காட்டுக்கு மேல் சரிந்த நிலத்தையும் கழித்து, எஞ்சியதையே கட்டத்தகுந்த நிலமாக அவர் கணக்கிட்டார்.

இம்மூன்று ஆய்வுகளும் தத்தம் களத்தில் வலிமையானவை. அவை வினவிய களத்தை விட்டுவிட்டு விடைகளை மட்டும் பெயர்த்தெடுக்கும்போதே சிக்கல் தொடங்குகிறது.

ஏலாவும் விளையும்

2011 கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்ட மக்களில் 82 விழுக்காட்டினர் நகர்ப்புறத்தினர். மக்கள் நெருக்கம் மாநிலச் சராசரியைப் போல் இரு மடங்கு. இவ்வெண்களை வாசித்துவிட்டு அடுக்குமாடிகளை எதிர்பார்த்து வரும் வெளியூர் ஆய்வாளர், பேரூராட்சிப் பெயர்ப்பலகைக்குப் பின்னால் ரப்பர் மரங்களையும் அவற்றினூடே தனித்தனி வீடுகளையும் காண்பார். ‘நகர்ப்புறம்’ என்பது இங்கு பெரிதும் ஆட்சிமுறைப் பகுப்பே.

கல்குளத்தின் மரபான குடியிருப்பு முறை, தாழ்வான சமதளத்தை ஏலா எனும் நெல்வயலுக்கு விட்டுவிட்டு, மேடான விளையில் வீடு அமைப்பதாகும். ‘விளை’ என முடியும் ஊர்ப்பெயர்களின் மிகுதியே இதற்குச் சான்று. சாயிஸின் அளவுகோலை அப்படியே வைத்தால் ஏலா கட்டத்தகுந்த சமதளமாகும்; விளையின் செங்குத்தான பகுதிகள் கழிபடும். எல்லா விளைகளும் அவ்வளவு செங்குத்தானவை அல்ல எனினும், குடியிருப்பின் வரலாறு அளவுகோலுக்கு எதிர்த்திசையில் நடந்திருப்பதை மறுக்க இயலாது. ஏலாக்கள் நிரவப்பட்டு மனைகளாவதை வழங்கல் பெருக்கம் எனக் குறிக்கும் ஆய்வு, அழிந்த பாசன நிலத்தை எந்தப் பத்தியில் எழுதும்?

சட்டத்தின் தடைகளும் வட்டியின் தாளத்துக்கு ஆடுவதில்லை. அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. அடுத்த மாதமே ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 6.50 விழுக்காட்டிலிருந்து 6.25 விழுக்காடாகக் குறைத்தது. வரன்முறை விதிகள் 2017 மே மாதத்தில்தான் வந்தன. பணம் மலிவான அந்த இடைக்காலத்தில், அத்தகைய மனையை வாங்க நினைத்தவருக்குப் பதிவு அலுவலகத்தின் கதவே திறக்கவில்லை.

2022ஆம் ஆண்டு எனும் சோதனை

வட்டி குறித்த கருதுகோளைச் சோதிக்க 2022 வாய்ப்பான ஆண்டு. அவ்வாண்டு மே முதல் டிசம்பர் வரை ரெப்போ விகிதம் 4.00 விழுக்காட்டிலிருந்து 6.25 விழுக்காடாக உயர்ந்தது. வங்கிகளின் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் 2019 அக்டோபர் முதல் புற அளவுகோலுடன் பிணைக்கப்பட்டுவிட்டதால் மாதத் தவணையும் விரைந்து கனத்தது. கருதுகோளின்படி கட்டுமானம் தளர வேண்டும்.

ஆனால் அதே ஆண்டில் அமெரிக்க மைய வங்கி தன் வட்டியைச் சுழியத்தின் அருகிலிருந்து 4.25–4.50 விழுக்காட்டுக்கு ஏற்றியது. ஆண்டுத் தொடக்கத்தில் டாலருக்கு ஏறத்தாழ 74 ரூபாயாக இருந்த மாற்று மதிப்பு, ஆண்டிறுதியில் 83 ரூபாயை நெருங்கியது. ஐக்கிய அரபு அமீரகத்தின் திர்ஹாம் டாலருடன் நிலையாகப் பிணைக்கப்பட்டது. ஒரு டாலர் 3.6725 திர்ஹாம். ஆகவே ஜனவரியில் 1,000 திர்ஹாம் அனுப்பியவரின் குடும்பத்துக்குக் கிடைத்தது சுமார் 20,200 ரூபாய்; டிசம்பரில் சுமார் 22,500 ரூபாய். ஊதியம் ஒரு திர்ஹாம்கூட உயராமலேயே கட்டுமானப் பணம் பதினொரு விழுக்காட்டுக்கு மேல் கூடியது. வட்டி உயர்வு சென்னையில் கடன் வாங்கியவரின் கையைக் கட்டியபோது, தக்கலையில் அடித்தளத்தோடு நின்றிருந்த வீட்டுக்குக் கூரை வார்க்கும் வாய்ப்பை அளித்திருக்கலாம்.

இதற்கு மறுப்புகள் உண்டு. ரூபாயின் தளர்ச்சிக்கு வட்டி மட்டுமே காரணமன்று. உக்ரைன் போருக்குப் பின் ஏறிய கச்சா எண்ணெய் விலைக்கும் அதில் பங்குண்டு. அவ்விலை உயர்வு வளைகுடா நாடுகளின் வருவாயைப் பெருக்குவது என்பதால் வினைகள் பின்னிக்கிடக்கின்றன. இரும்புக் கம்பியின் விலையேற்றம் கூடுதல் ரூபாயின் ஒரு பகுதியை விழுங்கியிருக்கும். இவற்றைப் பிரித்தறிவதே ஆய்வின் பணி. அதற்கான தரவுதான் இல்லை. ரிசர்வ் வங்கி 2010–11ஐ அடிப்படையாகக் கொண்டு வெளியிட்ட வீட்டு விலைக் குறியீடு பத்து நகரங்களையே உள்ளடக்கியது. சென்னையும் கொச்சியும் அதில் உண்டு, இடைப்பட்ட இவ்வட்டாரம் இல்லை. 1998இல் திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையம் தொடங்கிய கேரளப் புலம்பெயர்வு ஆய்வும், 1956இல் மாநிலம் மாறிய கல்குளத்துக்கு முன்பே நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டுக்கான புலம்பெயர்வு ஆய்வு 2015இல்தான் நடந்தது.

மேலும், இங்கு வீடு ஒரே முதலீட்டு முடிவின் விளைவன்று. ஓராண்டு அடித்தளம், விடுப்பில் வந்தபோது சுவர், பின்னொரு நாள் கூரை என அது வளர்கிறது. இடையில் பணம் முட்டினால் நகை அடகு, சீட்டு. நகைக்கடன் நிறுவனங்களின் வட்டி ரெப்போவுடன் பிணைக்கப்பட்டதன்று. ‘வழங்கல்’ என்ற சொல் வழங்குவோரையும் பெறுவோரையும் வேறாகக் கொள்கிறது. இங்கோ இருவரும் ஒருவரே.

முந்திரி ஆலையின் கணக்கு

தொழில் முதலீட்டிலும் இதே பிசகு நேர்கிறது. கொல்லத்தின் முந்திரி ஆலை முதலாளிகள் குமரி மாவட்டத்துக்கு உற்பத்தியை நகர்த்தியதற்குக் கேரளத்தின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் தொழிற்சங்க வலிமையும் காரணமென அத்தொழிலை ஆராய்ந்தோர் பதிவு செய்துள்ளனர். முதலீட்டை எல்லை தாண்டச் செய்தது கூலி வேறுபாடு. வட்டி எல்லையின் இருபுறமும் ஒன்றே. இதனால் வட்டி பொருட்டன்று என முடிவு கட்டுவதும் தவறு. கொட்டகையும் வறுக்கும் அடுப்பும் பெருமுதலைக் கோருவன அல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வரும் கொட்டையை மாதக்கணக்கில் இருப்பு வைப்பதே கோருகிறது. வட்டி இங்கு நடைமுறை மூலதனத்தின் வழியே நுழைகிறது. வட்டி ஏறினால் இருப்பு குறையும்; இருப்பு குறைந்தால் உடைப்பும் தோலுரிப்பும் செய்யும் பெண்களின் வேலைநாள் குறையும். நிலைமுதலை மட்டும் அளக்கும் ஆய்வில் இந்த இழப்புக்கு இடமில்லை.

வீட்டு வழங்கல் கொள்கையில் அதே பெண்கள் மீண்டும் விடுபடுகின்றனர். பிரதமரின் நகர்ப்புர வீட்டுவசதித் திட்டத்தின் கடன்சார் மானியம், நலிந்த பிரிவினருக்கு 6 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு 6.5 விழுக்காடு வட்டிச் சலுகை அளித்தது. கடன் பெறத் தக்க பட்டாவும் வருவாய்ச் சான்றும் உடையவருக்கே அச்சலுகை எட்டியது. பயனாளியே கட்டிக்கொள்ளும் பிரிவில் வழங்கப்பட்ட 1.5 லட்சம் ரூபாய் மைய அரசு உதவிக்கும் சொந்த மனை வேண்டும். வளைகுடா வருவாயால் சென்ட் விலை ஏறிய ஊரில், நாட்கூலிக்கு முந்திரி உடைப்பவருக்கு அந்த மனை எங்கிருந்து வரும் என்பதை வட்டியை மட்டும் மாறியாகக் கொண்ட எந்தச் சமன்பாடும் இதுவரை கேட்கவில்லை.