கூப்பிடு பெயர்: சேலம், நாமக்கல் சீமைக் கதைகளில் பட்டப்பெயர் மரபு

எங்கள் பக்கத்துக் கண்ணீர் அஞ்சலித் தட்டிகளில் இறந்தவருடைய பெயருக்கு நடுவில் ஒரு ‘எ’ நிற்கும். ‘என்கிற’ என்பதன் சுருக்கம் அது. பழனிசாமி எ மேக்காட்டார் என்று எழுதியிருப்பார்கள். முன்னால் இருப்பது பள்ளிக்கூடச் சான்றிதழுக்கும் கிரயப் பத்திரத்துக்கும் உரியது. பின்னால் இருப்பதைச் சொன்னால்தான் ஊர் துக்கத்துக்கு வரும். சிறுவயதில் சாவு சொல்லப் போனவரோடு நானும் ஒருமுறை போயிருக்கிறேன். பத்திரப் பெயரைச் சொன்னபோது ஒரு வீட்டுத் திண்ணையில் யாரென்று தெரியாமல் விழித்தார்கள். காட்டுப் பெயரைச் சொன்னதும் அந்த வீட்டம்மா மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். கதையில் வரும் ஒருவரை எந்தப் பெயரால் அழைப்பது என்ற கேள்வி எனக்கு அந்தத் திண்ணையில் தொடங்கியது.

சங்ககிரி, திருச்செங்கோடு, இராசிபுரம், நாமக்கல் பக்கமெல்லாம் குடியானவர்கள் தெருவாகக் கூடி வாழ்ந்ததைவிட அவரவர் காட்டில், தோட்டத்தில், கிணற்று மேட்டில் வீடு கட்டி வாழ்ந்ததே அதிகம். அதனால் நிலமே ஆளுக்குப் பெயராகிவிடும். கரட்டுக்காட்டார், பள்ளத்துத் தோட்டத்தார், ஆலாங்காட்டார் என்று சொன்னால் போதும். நிலம் இல்லாதவருக்கு இந்தப் பெயர் கிடைக்காது. அவருக்கு உடம்பு பெயராகும்: நெட்டையன், மொண்டி, கூளையன். இன்னொரு பக்கம், ஒரே பெயருக்குள்ளேயே படிக்கட்டு இருக்கிறது. கருப்பன் என்றால் ஒரு படி, கருப்பண்ணன் என்றால் ஒரு படி, கருப்பணக் கவுண்டர் என்றால் மேல்படி. எழுபது வயதுக்காரர் கடைசிவரை முதல் படியிலேயே நின்றதையும், பத்து வயதுப் பையன் பிறந்தபோதே நடுப்படியில் ஏறியதையும் நாம் பார்த்திருக்கிறோம். எனவே இந்தச் சீமையில் கதை எழுதுகிறவர் பட்டப்பெயரை அலங்காரமாக வைத்துவிட்டுப் போக முடியாது. யார் யாரை எப்படிக் கூப்பிடலாம் என்ற உரிமைக் கணக்கு அதற்குள் இருக்கிறது. அந்தக் கணக்கு சரியாக விழுந்த கதையே நல்ல கதை என்பது என் எண்ணம்.

தமிழில் இந்த யோசனை புதிதல்ல. அகப்பாட்டில் காதலர் பெயரைச் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியமே விதித்தது. வெற்பன், சேர்ப்பன், ஊரன் என்று நிலத்தை வைத்தே தலைவனைச் சொன்னார்கள். மேக்காட்டாருக்கும் வெற்பனுக்கும் நடுவில் இரண்டாயிரம் ஆண்டு இருக்கிறது, ஆனால் பெயர் பிறந்த வழி ஒன்று. பாட்டுக்குள் இருந்தவருக்குப் பெயர் இல்லாமல் போக, பாடியவருக்கு உவமையே பட்டப்பெயராக வந்து ஒட்டிக்கொண்டதும் நடந்திருக்கிறது. செம்புலப் பெயல்நீரார், அணிலாடு முன்றிலார் என்பவர்களுடைய வீட்டுப் பெயர் என்ன என்று இன்று யாருக்கும் தெரியாது.

உரைநடைக்கு வந்தபின் முதலில் செழித்தது மறைபெயர் மரபு. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வ’னில் கல்கி ஒரே ஆளை அரண்மனைக்கு ஒரு பெயராலும் ஆற்றங்கரைக்கு ஒரு பெயராலும் நடமாட விட்டார். அருள்மொழிவர்மர் என்று ஆவணத்தில் இருப்பவர் காவிரிக் கரை மக்களுக்குப் பொன்னியின் செல்வர். நந்தினியை யார் பழுவூர் இளையராணி என்கிறார், யார் பெயர் சொல்லி அழைக்கிறார் என்று கவனித்தாலே பகையும் உறவும் பிரிந்து தெரியும். நம் மோகனூரில் 1888இல் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் ‘மலைக்கள்ள’னும் இந்த மரபுதான். மலையில் அவன் கள்ளன், ஊருக்குள் அப்துல் ரஹீம் என்ற வணிகர், பிறப்பில் வேறொருவன். 1954இல் எம்.ஜி.ஆர். நடித்துப் படமாக வந்தபோது கொட்டகையில் கூட்டம் கைதட்டியதும் அந்தப் பெயர்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளும் இடங்களுக்குத்தான். வேகமும் கிளர்ச்சியும் உள்ள மரபு. ஆனால் இங்கே பெயர் கதையின் திருப்பத்துக்காக மாறுகிறது, அழைப்பவரின் மனத்துக்காக மாறுவது குறைவு.

தஞ்சை மரபு வீட்டுச் செல்லப்பெயரோடு நின்றது. தி. ஜானகிராமனின் பாபுவும் அப்புவும் வளர்ந்த பிறகும் அந்தப் பெயரிலிருந்து வெளியே வருவதில்லை. அந்த இளமை வாசம்தான் அவர்களுடைய சிக்கலும். கரிசல் மரபு வேறு குணம். ‘கோபல்ல கிராம’த்தில் (1976) கி. ராஜநாராயணன் பட்டப்பெயரைச் சொல்லி, அது வந்த கதையையும் மடியில் வைத்துக் கொடுப்பார். படிக்க அத்தனை சுகம். அந்தச் சுகத்தில் பல இளைஞர்கள் அதைப் பார்த்து எழுதப் போய், ஊரிலுள்ள எல்லோருக்கும் வேடிக்கைப் பெயர் வைத்து ஓய்ந்தார்கள். கி.ரா.வுக்கு ஊர் தெரிந்திருந்தது, இவர்களுக்குப் பெயர் மட்டும் தெரிந்திருந்தது.

கொங்கு மரபுக்கு வாசல் திறந்தவர் ஆர். சண்முகசுந்தரம். 1942இல் வந்த ‘நாகம்மா’ளில் கெட்டியப்பன் என்ற பெயரைக் கேட்டதுமே நம் காதுக்கு ஆள் தெரிந்துவிடுகிறான். ‘கெட்டி’ என்றால் நம் பேச்சில் திறமும் உறுதியும். அவன் செய்யும் வம்புக்கு அந்தப் பெயர் பக்கபலமாக நிற்கிறது.

அந்த வாசல் வழியாகக் காவிரிக்கு இந்தப் பக்கம் வந்து, நாம் சொல்லக் கூசிய பெயர்களைப் பக்கத்தின் நடுவில் வைத்தவர் பெருமாள்முருகன். 2000இல் அவருடைய ‘கூளமாதாரி’யும் ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’யும் வந்தன. சொல்லைச் சேர்த்த கையே நாவலையும் எழுதியது என்பதைப் பெயர்களிலேயே பார்க்கலாம். கூளையன், நெடும்பன், வவுறி, மொண்டி, செவிடி: கவுண்டர்களின் பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் அருந்ததியர் வீட்டுப் பிள்ளைகள் இவர்கள். குட்டை, நெட்டை, வயிறு, கால் ஊனம், காது என்று உடம்பில் கண்ணுக்குப் பட்டதெல்லாம் பெயராகியிருக்கிறது. பண்ணயக்காரர் மகனுக்கோ செல்வன் என்று பெயர். கூளையனும் செல்வனும் ஒரே காட்டில் ஒரே வயதில் திரிகிறார்கள். இந்த இரண்டு பெயரையும் அடுத்தடுத்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், அதற்கு மேல் ஆசிரியர் விளக்க வேண்டியது ஒன்றுமில்லை. நூலின் தலைப்பிலேயே கூளை என்ற உடம்பும் மாதாரி என்ற சாதியும் ஒட்டி நிற்கின்றன. ஆள் எங்கே என்று நாவல் முழுக்க நாம் தேடிக்கொண்டே போகிறோம்.

இங்கே ஒரு கடினமான கேள்வி எழுகிறது. ஊர் இழிவாக வைத்த பெயரைக் கதைசொல்லியும் அப்படியே சொல்லலாமா? சொன்னால் அவரும் ஊரோடு சேர்ந்தவராகிவிட மாட்டாரா? நான் இதைப் பல ஆண்டுகள் மனத்தில் போட்டுப் புரட்டியிருக்கிறேன். ‘கூளமாதாரி’ படிக்கும்போது என் தயக்கம் கரைந்தது. அந்தப் பிள்ளைகள் மேட்டாங்காட்டில் ஆட்டை விட்டுவிட்டுத் தங்களுக்குள் கூப்பிட்டுக்கொள்ளும்போது அதே பெயர்தான் வருகிறது. ஆனால் வேறு பெயராகிவிடுகிறது. பண்ணயக்காரர் வாயில் ஏவலாக இருந்த ‘கூளையன்’ வவுறியின் வாயில் சேக்காளியாகிவிடுகிறது. எழுத்து ஒன்று, குரல் இரண்டு. கதைசொல்லி பிள்ளைகளின் குரலை எடுத்துக்கொண்டார். அதனால் அந்தப் பெயரைச் சொல்லும் தகுதியும் வந்தது. மேலிருந்து வேடிக்கை பார்த்து எழுதுகிறவருக்கு அந்தத் தகுதி இல்லை என்று நான் உறுதியாகவே சொல்வேன்.

2004இல் வ. கீதா இந்நாவலை ஆங்கிலத்தில் கொண்டுபோனபோது பெயர்களை ஒலியாக எழுதாமல் பொருளாக மாற்றினார். கூளையன் ‘ஷார்ட்டி’ ஆனான், வவுறி ‘பெல்லி’ ஆனாள், செவிடி ‘ஸ்டோன்டெஃப்’ ஆனாள். நம் மண்ணின் ஒலி போய்விட்டதே என்று வருந்துகிறவர்கள் உண்டு. எனக்கும் முதலில் வருத்தம்தான். ஆனால் தமிழ் தெரியாதவர் ‘கூளையன்’ என்று படித்தால் அது அவருக்கு ஒரு சாதாரணப் பெயராகத்தான் இருக்கும். ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் உடம்பில் படும் அடி தெரியாது. கீதா ஒலியை விட்டு அடியைக் காப்பாற்றினார்.

பெயர் பல இருந்தால் வாசகர் குழம்புவார் என்பது பலரும் சொல்லும் குறை. ருஷ்ய நாவல்களைத் தமிழில் படித்தவர்களுக்கு அந்தத் தவிப்பு தெரியும். ரஸ்கோல்னிகோவ், ரோதியோன் ரொமானோவிச், ரோத்யா மூவரும் ஒருவன்தான் என்று பிடிபடச் சில அத்தியாயங்கள் ஆகும். பிடிபட்டபின், ரோத்யா என்றால் தாயோ தங்கையோ அருகில் இருக்கிறார் என்று பார்க்காமலே தெரிந்துவிடும். நம் எழுத்துக்கும் அதுவே அளவுகோலாக இருக்கலாம்: பெயரைக் கேட்டதும் கூப்பிட்டவரின் முகம் தெரிய வேண்டும். யாருடைய வாயிலும் வராமல் கதைசொல்லி மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும் பட்டப்பெயர் உயிரில்லாதது. எழுத்துக்கூட்டலும் இதில் சேர்த்தி. 1993இல் வந்த ‘நிழல்முற்ற’த்தில் சினிமாக் கொட்டகையில் சோடா விற்கும் பையன் சத்திவேல். அதைச் சக்திவேல் என்று அச்சுத் திருத்தியிருந்தால் அவன் கொட்டகையை விட்டே போயிருப்பான்.

சில நேரம் வராத பெயரே பெரிதாகப் பேசும். நம் பக்கத்தில் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்துவிட்டால் ஆணும் பெண்ணும் தம் பெயரைப் பாதி இழந்துவிடுவார்கள். பெரியவனோட அப்பன், பாப்பாளோட ஆத்தா என்றே அழைப்பு. ‘மாதொருபாக’னில் (2010) காளிக்கும் பொன்னாவுக்கும் அந்த அழைப்பு கிடைக்காது. அவள் அவனை ‘மாமா’ என்கிறாள். மணமாகிப் பன்னிரண்டு ஆண்டு கழித்தும் அதே ‘மாமா’. அந்தச் சொல்லில் இருக்கும் கொஞ்சலையும் வெறுமையையும் இந்த ஊரில் பிறந்த காது சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

அந்த நாவலை முன்வைத்து 2014 டிசம்பரில் எதிர்ப்புக் கிளம்பியது. 2015 ஜனவரியில் பெருமாள்முருகன் எழுத்தைத் துறப்பதாக அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதன்பின் முதலில் வந்த இரண்டு நாவல்களிலும் பெயர்களைக் கவனியுங்கள். ‘கழிமுக’த்தில் மனிதர்கள் எல்லோரும் அசுரர்கள். தந்தை குமராசுரர், தாய் மங்காசுரி. ஊரும் சாதியும் தெரியாதபடி ஒரே விகுதி எல்லோர் மேலும் போர்வையாக விழுந்திருக்கிறது. காட்டையும் கிணற்றையும் வைத்து ஆளைச் சொன்ன ஒரு கை இப்படி எழுத நேர்ந்ததை என்னால் வலியில்லாமல் படிக்க முடியவில்லை.

அதற்கு முன்னால் வந்தது ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ (2016). அதில் கிழவனுக்கும் கிழவிக்கும் பெயரே கிடையாது. பெயரெல்லாம் ஆடுகளுக்கு: செம்மி, கள்ளி, கடுவாயன், உழும்பன், ஊத்தன், பூவன். ‘கூளமாதாரி’யில் ஆட்டுக்காரப் பிள்ளைகளுக்கு வைத்த பெயர்களின் வாடை இவற்றில் வீசுகிறது. முன்பு வீட்டில் இருந்த ஒரு பூனையின் நினைவாகக் கிழவி அந்தக் கருங்குட்டிக்குப் பூனாச்சி என்று பெயர் வைக்கிறாள். பிறகு ஒருநாள் அரசாங்க உத்தரவுப்படி குட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நிற்கிறாள். அங்கே காது குத்தி எண் கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்தபின் கிழவி அந்த எண்ணைச் சொல்லி அதைக் கூப்பிடவில்லை.