ஒரு கிளிப்பின் கருணை

செவர்லே சி10 பிக்கப்பைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் முகப்பிலேயே மயங்கி நின்றுவிடுகிறார்கள். 1967 முதல் 1972 வரை வந்த அந்தத் தலைமுறைக்கு அந்த மயக்கம் தகும். ஆனாலும் ஒரு நிமிடம் பக்கவாட்டில் வந்து, ஓட்டுநர் கதவின் எதிரே நின்று பாருங்கள். கட்டைவிரலால் பொத்தானை அழுத்தித் திறக்கும் பளபளத்த கைப்பிடி. அதன் அருகே, அதே கட்டைவிரலால் மூடிவிடக்கூடிய ஒரு சின்னஞ்சிறு குரோம் வட்டம். கதவுப் பூட்டின் முகம் அது. இவ்வளவு பெரிய இரும்பு உடம்பில் இத்தனை சிறிய நகை ஒன்றை வைத்த கைகள் எத்தனை நிதானமானவை!

வட்டத்தின் நடுவில் சாவித் துளை. அது வெறும் ஓட்டையாக இல்லை. உள்ளே மெல்லிய தகட்டுக் கதவு ஒன்று, ஸ்பிரிங்கின் துணையோடு எப்போதும் மூடியே இருக்கும். சாவி வந்து தொட்டால் விலகி வழிவிடும். சாவி போனதும் தானே மூடிக்கொள்ளும். தூசியும் மழைத்துளியும் உள்ளே போகக் கூடாது என்று அவ்வளவு சிறிய இடத்தில் ஒரு காவல். வயதான வண்டிகளில் முதலில் சோர்வது இந்தக் காவல்தான். ஸ்பிரிங் களைத்துத் தகடு பாதியில் நின்றுவிட, டெக்சாஸ், அரிசோனா பக்கத்துச் செம்மண் பொடி மெதுவாக உள்ளே குடியேறுகிறது. போதாதற்கு, கண்ணாடியின் விளிம்பு வழியே இறங்கும் மழைநீர் கதவின் வயிற்றுக்குள் போய் அடித் துளைகள் வழியாக வெளியேறும்படிதான் கதவுகளின் அமைப்பு. அந்த ஈரக் காற்றில் பல ஆண்டுகள் இருந்த பூட்டு ஒருநாள் சாவிக்கு அசைய மறுக்கிறது. அச்சில் வார்த்த துத்தநாகக் கலவையில் வெண்ணிறப் பூப்பு. எஃகுப் பாகத்தில் செந்துரு. இரண்டும் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்ட பிடி அது.

அந்தப் பிடியைத் தளர்த்தும் பொறுமையில்தான் பூட்டைக் கழற்றும் வேலையின் முதல் அழகு. துருவுக்குள் ஊடுருவும் எண்ணெய் சில சொட்டு, அப்புறம் காத்திருப்பு. மரச்சுத்தியலால் பூட்டின் முகத்தைச் சுற்றி மெல்ல மெல்லத் தட்டல். மறுபடி எண்ணெய், மறுபடி காத்திருப்பு. சாவியை வலுவில் திருப்பினால் அது பூட்டுக்குள்ளேயே முறிந்துவிடும். நெருப்பைக் காட்டினால் பெயின்ட் கருகும். ஏறத்தாழ 380 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே உருகத் தொடங்கிவிடும் அந்தக் கலவையும் உருக்குலையும். தேர்ந்த கை இரண்டையும் நாடாது. அது எண்ணெயை நம்புகிறது, நேரத்தை நம்புகிறது.

பூட்டைக் கதவில் பிடித்து வைத்திருப்பது கதவின் உட்புறம் இருக்கிறது. அங்கே போக முதலில் கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றிவிட வேண்டும். அப்போதுதான் கதவின் வயிறு காலியாகிக் கைக்கு இடம் கிடைக்கும். ஏற்றியபின்தான் ஏற்றும் கைப்பிடியைக் கழற்றலாம். இந்த வரிசை எவ்வளவு இயல்பாக அமைந்திருக்கிறது பாருங்கள். அந்தக் கைப்பிடியிலும் ஸ்க்ரூ எதுவும் கண்ணில் படாது. அதன் முதுகுக்குப் பின்னால் லாட வடிவில் ஒரு கம்பிக் கிளிப் ஒளிந்திருக்கிறது. அதற்கென்று தனிக் கருவி உண்டுதான். ஆனால் பழைய பட்டறைக்காரர்கள் அதை எடுக்கும் விதமே தனி அழகு: ஒரு பழந்துணியைக் கைப்பிடிக்கும் கதவுக்கும் இடையே நுழைத்து, இரு முனையையும் பிடித்து, ஷூவுக்குப் பாலிஷ் போடுவது போல இப்படியும் அப்படியும் இழுக்கிறார்கள். துணியின் நூல் கிளிப்பின் நுனியைப் பற்ற, அது துள்ளி வெளியே வந்துவிடுகிறது. பெயின்டில் ஒரு கீறல்கூட இல்லை. (துள்ளிய கிளிப் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்ள இன்னொரு ஜோடிக் கண் பக்கத்தில் இருப்பது நல்லது.)

பிறகு ஸ்க்ரூக்களை நீக்கித் தகட்டு மூடியை எடுத்தால் கதவின் உள்ளறை திறக்கிறது. டார்ச் வெளிச்சத்தில் அந்த இருட்டைப் பாருங்கள். கண்ணாடியைத் தாங்கும் கத்தரிக் கைகள், தாழ்ப்பாளுக்குப் போகும் மெல்லிய கம்பிகள், அரை நூற்றாண்டு கெட்டிப்பட்ட கிரீஸ். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்த இடத்திலும் வளைவுகள் வளைவாகவே இருக்கின்றன, விளிம்புகள் மடித்தே விடப்பட்டிருக்கின்றன.

அங்கேதான் இருக்கிறது நான் மனதைப் பறிகொடுத்த பொருள். வெளித்தகட்டின் உட்பக்கம், பூட்டின் கழுத்தைக் கவ்வி நிற்கும் ஒரு தட்டையான ஸ்பிரிங் தகடு. நட்டு இல்லை, போல்ட் இல்லை, பற்றவைப்பு இல்லை. பூட்டின் கழுத்தில் வெட்டிய பள்ளங்களில் இந்தக் கிளிப்பின் இரு கரங்களும் சறுக்கி அமர்கின்றன. அதன் லேசான வளைவு பூட்டின் முகத்தை உள்நோக்கி இழுத்துக் கதவோடு அணைத்து வைக்கிறது. நெடுஞ்சாலை அதிர்ச்சியிலும் வயற்பாதைக் குலுக்கலிலும் ஐம்பது ஆண்டுக்கு மேல் அந்த அணைப்பு தளரவில்லை. அதே சமயம் கழற்ற வருகிறவனுக்கு அதன் ஓரம் தன்னை நீட்டிக் காட்டுகிறது. ஸ்க்ரூ டிரைவரின் நுனியை அங்கே வைத்து, ஒரே திசையில், அவசரமில்லாமல் தள்ளினால் போதும். துரு ஏறியிருந்தால் முதலில் கால் அங்குலம்கூட நகராது. எண்ணெய் விட்டு, சின்னக் கண்ணாடி ஒன்றை வைத்து அதன் முகம் பார்த்து, மறுபடி தள்ள வேண்டும். திடீரென்று ஒரு கணம் அது விட்டுக்கொடுக்கும். அந்த அசைவு விரல் வழியே தோள் வரை ஏறுவதை ஒருமுறை உணர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். பூட்டை வடிவமைத்தவர் காவலை மட்டும் நினைக்கவில்லை. என்றோ ஒருநாள் இதைக் கழற்றப்போகிறவனையும் நினைத்திருக்கிறார். உறுதியும் கருணையும் ஒரே தகட்டில் இப்படிக் கூடியிருப்பதை வேறெங்கே காண்போம்?

கிளிப் விலகியதும் பூட்டு வெளிப்பக்கமாக வருகிறது. காய்ந்து கெட்டியான ரப்பர் வளையம் கடைசியாக ஒருமுறை பிடித்துப் பார்க்கும். மெல்லத் திருகிக் கொடுத்தால் விட்டுவிடும். இப்போது கதவைப் பாருங்கள், மஞ்சள் வண்டி என்று வைத்துக்கொள்வோம். பூட்டு மறைத்திருந்த இடத்தில் ஒரு மெல்லிய வளையம் அளவுக்கு வெயில் படாத பெயின்ட்! சுற்றிலும் வெளிறிப் பொடிந்த காவி மஞ்சள். வளையத்துக்குள் மட்டும் தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் ஆழமான, எண்ணெய் பூசினாற்போன்ற மஞ்சள். வண்டிக்கு மறுபடி பெயின்ட் அடிக்கிறவர்கள் நிறத்தை ஒப்பிட இப்படிப்பட்ட மூலைகளைத்தான் தேடுகிறார்கள்.

கையில் இருக்கும் உருளையையும் சற்று ரசிப்போம். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் பூட்டுகளை அந்நாளில் செய்து தந்தது மில்வாக்கி நகரத்தின் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன். இன்று புல்வெட்டி எஞ்சின்களுக்காக நாம் அறிந்த அதே பெயர். 1935 முதல் அந்த வண்டிகளுக்குள் வந்த அவர்களுடைய பூட்டு அமைப்பு எளிமையின் உச்சம். உருளைக்குள் ஆறு பித்தளை வில்லைகள். ஒவ்வொன்றுக்கும் கீழே முடியிழை போல் ஒரு ஸ்பிரிங். ஒவ்வொன்றின் பக்கத்திலும் நுண்ணிய ‘வி’ வடிவப் பள்ளம். சரியான சாவி நுழைந்தால் ஆறு பள்ளங்களும் ஒரே கோட்டில் வந்து நிற்கும், பக்கவாட்டில் காத்திருக்கும் சிறு சட்டம் அந்தக் கோட்டில் இறங்கும், உருளை திரும்பும். ஒரே ஒரு வில்லை மயிரளவு ஏறியோ இறங்கியோ நின்றால் சட்டம் இறங்காது. ஆகவே பூட்டு இறுகிப்போவதற்கு ஒரு வில்லையின் அடியில் தங்கிய மண் துணுக்கே போதும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தூரிகையால் வருடினால், அழுக்கு கரைந்து பித்தளை தன் பொன்னிறத்தை ஒவ்வொரு வில்லையாகத் திருப்பித் தருகிறது.

சில உருளைகளின் உடலில் பொடி எழுத்தில் சாவியின் எண் குத்தப்பட்டிருக்கும். சாவி என்றோ தொலைந்திருந்தாலும், அந்த எண்ணை வைத்துப் பூட்டுக்காரர் புதிய சாவியை வெட்டித் தந்துவிடுவார். எண் இல்லாவிட்டாலும் கவலையில்லை. வில்லைகளை மாற்றி அடுக்கி, கையில் இருக்கும் பழைய சாவிக்கே பூட்டை இணங்க வைக்கலாம். திரும்பப் பொருத்தும்போது எண்ணெய் வேண்டாம், அது தூசியை அழைத்து வரும். கொஞ்சம் கிராஃபைட் தூள் போதும். புதிய ரப்பர் வளையம் ஒன்று. கதவின் துளை முழு வட்டமாக இல்லாததால் பூட்டு தன் நிலையைத் தானே கண்டுகொள்ளும். பின்னால் தாழ்ப்பாளுக்குப் போகும் கம்பியை மாட்டி, அதே பழைய கிளிப்பைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சறுக்கிவிட்டால், இம்முறை அது விரலாலேயே உள்ளே போகிறது.