மூன்றாவது கிலோமீட்டர்

ஐந்து கிலோமீட்டர் சாலை ஓட்டத்தைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முடிவுக்கோட்டின் அருகே இடம் பிடித்துக்கொள்வார்கள். கைதட்டல், பதக்கம், படம் எடுத்துக்கொள்வது எல்லாம் அங்கேதான். ஓட்டத்தை ஒரு கலையாக ரசிக்க விரும்புகிறவர் கொஞ்சம் நடந்து போக வேண்டும். இரண்டாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டி, மூன்றாவது வருவதற்கு முன்னால், சாலையோரமாக நின்று பாருங்கள். அங்கே மேளம் இருக்காது, ஒலிபெருக்கி இருக்காது. தொடக்கத்தின் உற்சாகம் வடிந்திருக்கும், முடிவு இன்னும் கண்ணில் பட்டிருக்காது. ஓடுகிறவர் தன் உடம்போடு தனித்துவிடப்படும் இடம் அது. அவர் எவ்வளவு தேர்ந்தவர் என்பது அங்கே தெரிந்துவிடும்.

முன்வரிசையில் பறக்கும் வீரர்களை விட்டுவிடுவோம். வேலைக்குப் போகிற, வீட்டைக் கவனிக்கிற, அதற்கு நடுவில் விடிகாலையில் எழுந்து ஓடுகிற சாதாரண மனிதர்களைத்தான் நான் சொல்கிறேன். ஐந்து கிலோமீட்டரை 25 நிமிடத்துக்குள், பத்து கிலோமீட்டரை 50 நிமிடத்துக்குள் என்று ஓர் இலக்கை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டுகிறவர்கள். மாரத்தான் ஓடி முடித்தேன் என்றால் தெருவே வியக்கும். ஐந்து கிலோமீட்டரில் அரை நிமிடம் குறைத்தேன் என்றால் ‘அப்படியா’ என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடும். எனக்கோ அந்த அரை நிமிடத்தின் மேல்தான் மதிப்பு அதிகம். குறுந்தூரச் சாலை ஓட்டம் கேட்பது அளவு தெரிந்த மனதை. உடம்பில் உள்ள அத்தனை சக்தியும் செலவாக வேண்டும். ஆனால் அது கடைசி மீட்டரில்தான் தீர வேண்டும். நூறு மீட்டர் முன்னால் தீர்ந்தாலும் தவறு, முடித்த பிறகு மிச்சம் இருந்தாலும் தவறு.

முதல் கிலோமீட்டர் அளவு தெரிந்த அந்த மனதுக்கு வைக்கப்படும் முதல் சோதனை. ஹாரன் ஒலித்ததும் கூட்டம் மொத்தமாகப் பாய்கிறது. கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம் என்று பயிற்சி செய்து வந்தவர் நாலரை நிமிட வேகத்தில் போய்க்கொண்டிருப்பார். அது அவருக்கு வேகமாகவே படாது. காரணம் உடம்புக்குள் இருக்கிறது. முதல் ஓரிரு நிமிடங்களில் மூச்சும் இதயமும் தேவைக்கு ஈடுகொடுக்கிற அளவுக்கு இன்னும் எழும்பியிருக்காது. அந்தக் குறையைத் தசைகள் தங்கள் கையிருப்பிலிருந்து ஈடுகட்டிவிடும். இந்தக் கடன் உடனே உறைக்காது. மூன்றாவது கிலோமீட்டரில் தொடை கனத்து, மூச்சு இரைத்து, வட்டியும் முதலுமாக வந்து நிற்கும்.

இந்தச் சோதனையை நூறு ஆண்டுகளுக்கு முன்பே கணக்குப் போட்டு வென்றவர் பின்லாந்தின் பாவோ நூர்மி. 1920, 1924, 1928 ஒலிம்பிக் போட்டிகளில் ஒன்பது தங்கம் வென்றவர். கையில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டே ஓடினார். பக்கத்தில் ஓடுகிறவர் என்ன செய்கிறார் என்பதைவிடத் தன் சுற்று எத்தனை விநாடியில் முடிகிறது என்பதே அவருக்கு முக்கியம். இன்று கடற்கரைச் சாலையில் ஓடும் எல்லோர் மணிக்கட்டிலும் நூர்மியிடம் இருந்ததைவிடப் பல மடங்கு திறமையான கடிகாரம் இருக்கிறது. ஆனால் கடிகாரம் இருப்பது ஒன்று. நூறு பேர் நம்மைத் தாண்டிப் போகும்போது அந்தக் கடிகாரத்துக்குக் கட்டுப்படும் மனம் இருப்பது இன்னொன்று. தேர்ந்த அமெச்சூர் ஓட்டக்காரரை முதல் கிலோமீட்டரிலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். எல்லோரும் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பார்கள், அவர் முகத்தில் எந்தப் பதற்றமும் இருக்காது.

இனி மூன்றாவது கிலோமீட்டருக்கு வருவோம். சென்னைக் கடற்கரைச் சாலையில், உழைப்பாளர் சிலைக்கும் காந்தி சிலைக்கும் இடையில் நான் பலமுறை பார்த்த ஓர் ஓட்டக்காரர் இருக்கிறார். ஐம்பதை நெருங்கும் பெண்மணி, அலுவலக வேலை பார்ப்பவர். அவர் வருவதைக் கண்ணுக்கு முன்னால் காது சொல்லிவிடும். சுற்றியிருப்பவர்களின் காலடி தரையில் அறைகிறது. அவருடையது தட்டிவிட்டுப் போகிறது. பாதம் உடம்புக்கு வெகு முன்னால் போய் விழாமல், ஏறத்தாழ இடுப்புக்கு நேர் கீழே இறங்குகிறது. தோள்கள் காதுப்பக்கம் ஏறவில்லை. விரல்கள் இறுகாமல், கட்டைவிரல் ஆள்காட்டி விரல் மேல் சும்மா படிந்திருக்கிறது. இரண்டு காலடிக்கு மூச்சை இழுத்து, இரண்டு காலடிக்கு விடுகிறார். அவர் சிரமப்படுகிறார் என்பது கழுத்து நரம்பில் தெரிகிறது. அந்தச் சிரமம் கழுத்தைத் தாண்டித் தாடைக்கோ கைக்கோ போக அவர் விடவில்லை. உடம்பு முழுவதும் வலித்தாலும் வேலை செய்ய வேண்டிய தசை மட்டுமே வேலை செய்கிறது. முதல் கிலோமீட்டரில் அவரைத் தாண்டிப் போன இளைஞர்களை இப்போது அவர் ஒவ்வொருவராகக் கடக்கிறார். அவர் வேகத்தைக் கூட்டவில்லை. அவர்கள் வேகம் குறைந்துவிட்டது.

வேகம் மாறாமல் ஓடுவதன் அழகு உச்சிக்குப் போனதைப் பார்க்க விரும்புகிறவர்கள் 2020 ஆகஸ்டில் மொனாக்கோவில் நடந்த 5000 மீட்டர் ஓட்டத்தைப் பார்க்கலாம். உகாண்டாவின் ஜோஷுவா செப்டேகெய் 12 நிமிடம் 35.36 விநாடியில் உலக சாதனை படைத்த ஓட்டம். சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 31 விநாடி. தடத்தின் உள்விளிம்பில் சாதனை வேகத்தைக் காட்டும் விளக்குகள் ஓடின. வேக உதவிக்கு வந்தவர்கள் விலகிய பிறகும் அவர் அந்த வேகத்தை விடவில்லை. அவருடைய கிலோமீட்டர் நேரங்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் ஏறக்குறைய ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதியது போல இருக்கும். கச்சேரியில் காலப்பிரமாணம் இம்மியும் பிசகாமல் ஒரு கீர்த்தனையைக் கொண்டு செலுத்தும் பாடகரிடம் நாம் எதை ரசிக்கிறோமோ, அதையேதான் இங்கும் ரசிக்கிறோம். காந்தி சிலைப் பக்கம் ஓடும் அந்தப் பெண்மணியிடமும் இருப்பது இதே குணம்தான். அவருக்கு அந்த எண் 2.31க்குப் பதில் 5.00, அவ்வளவே.

சாலை ஓட்டத்துக்கே உரிய இன்னொரு நுட்பம் உண்டு, பலர் கவனிக்காதது. அது பாதையில் ஓடுகிறவர் எடுக்கும் கோடு. முறையாகச் சான்று பெற்ற பாதையைச் சைக்கிளில் போய் அளப்பார்கள். முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுண்டர் என்ற சிறிய எண்ணும் கருவி பொருத்தியிருக்கும். அந்தக் கருவி 1970களில் அமெரிக்காவில் பிறந்தது. ஓடக்கூடிய வழிகளிலேயே மிகக் குறுகியதை எடுத்து, வளைவுகளில் விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் மட்டும் தள்ளி, சக்கரம் போகும். பாதை தப்பித் தவறியும் குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டியும் வைப்பார்கள். ஆக, ஐந்து கிலோமீட்டர் என்பது அந்தக் குறுகிய கோட்டில் ஓடுகிறவருக்குத்தான் ஐந்து கிலோமீட்டர். செங்கோணமாகத் திரும்பும் முனையில் அந்தக் கோட்டுக்கு ஒரு மீட்டர் வெளியே ஓடினால் ஒன்றரை மீட்டர் கூடும். முழுதாகத் திரும்பி வரும் இடத்தில் மூன்று மீட்டருக்கு மேல் கூடும். அதோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு இடமும் வலமும் வளைந்து ஓடியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘என் வாட்ச் 5.07 காட்டுகிறது, பாதையை நீளமாக வைத்துவிட்டார்கள்’ என்ற புகார்களில் பலவற்றுக்கு விடை இதுதான்.

தெரிந்தவர் இந்தக் கோட்டைக் கண்ணாலேயே போட்டுவிடுவார். சாலை இடப்பக்கம் வளையப் போகிறது என்றால் ஐம்பது மீட்டர் முன்பிருந்தே மெல்ல இடப்பக்கம் சாய்ந்து வருவார். திரும்பி வர வேண்டிய இடத்தில் வைத்திருக்கும் கூம்பை நெருங்கும்போது காலடிகளைச் சின்னதாக்கி, உடம்பை உள்பக்கம் சற்றே சாய்த்து, நிற்காமல் சுற்றி வருவார். அடுத்த பத்துக் காலடிக்குள் பழைய வேகம் திரும்பியிருக்கும். தடாலென்று பிரேக் போட்டு, அகலமாக வளைந்து, மறுபடி எகிறி வேகம் பிடிப்பவரையும் அங்கேயே பார்க்கலாம். கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம் ஓடுகிறவருக்குப் பத்து மீட்டர் என்பது மூன்று விநாடி. ஒரு மாதப் பயிற்சியில் கிடைக்கும் மூன்று விநாடியைக் கோட்டைத் தவறவிட்டே இழந்துவிடலாம்.

இதெல்லாம் ஓட்ட நாளில் கண்ணுக்குத் தெரிவது. தெரியாதது அதற்கு முந்தைய மாதங்களில் இருக்கிறது. அதில் முதலாவது, ஆச்சரியமாக, மெதுவாக ஓடுவது. நியூசிலாந்தில் காலணித் தொழில் செய்துகொண்டே பயிற்சியாளரான ஆர்தர் லிடியார்ட் தன் ஓட்டக்காரர்களை மாதக்கணக்கில் வாரத்துக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர் ஓட வைத்தார். 800 மீட்டர் ஓடுகிற பீட்டர் ஸ்னெல்லுக்கும் இதே பாடம்தான். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் ஸ்னெல் 800 மீட்டரிலும் முர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் தங்கம் வென்றபோது உலகம் லிடியார்டைத் திரும்பிப் பார்த்தது. பின்னாளில் நார்வேயில் பணிபுரிந்த ஆய்வாளர் ஸ்டீபன் சைலர், உயர்மட்ட நெடுந்தூர வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்து, ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்குப் பயிற்சி எளிதான வேகத்தில்தான் நடக்கிறது என்று எடுத்துக் காட்டினார். மெதுவான ஓட்டம் இதயத்தைப் பலப்படுத்துகிறது, தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்களைப் பெருக்குகிறது, ஆக்ஸிஜனைக் கொண்டு சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவைக் கூட்டுகிறது. ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தின் சக்தியில் பெரும்பகுதி இந்த வழியில்தான் வருகிறது.

நம் ஊர் அமெச்சூர்களுக்குக் கஷ்டமானதும் இதுவே. பக்கத்தில் ஓடுகிறவர் முந்தினால் கால் தானாக எழும்பும். தினமும் அரைகுறை வேகத்தில் ஓடி, மெதுவான நாளின் பலனையும் இழந்து, வேகமான நாளுக்கு வேண்டிய தெம்பையும் இழப்பார்கள். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில், யார் தாண்டிப் போனாலும் போகட்டும் என்று ஓடுகிறவரைப் பார்த்தால் எனக்கு மரியாதை வரும்.

வேகத்துக்கென்று வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ போதும். ஒன்று இன்டர்வல். ஒரு கிலோமீட்டரைப் பந்தய வேகத்தில் ஓடி, இரண்டு மூன்று நிமிடம் மெல்ல ஜாகிங், மறுபடி ஒரு கிலோமீட்டர், இப்படி நாலைந்து முறை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5000, 10000, மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்ற செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஜடோபெக், 400 மீட்டரைச் சலிக்காமல் திரும்பத் திரும்ப ஓடி இந்த முறையைப் புகழ்பெறச் செய்தவர். இன்னொன்று டெம்போ. ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகத்தில் இருபது நிமிடம். தசையில் உருவாகும் லாக்டேட்டை வெறும் கழிவு என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். அது உடம்பு திரும்ப எடுத்து எரிக்கும் எரிபொருளும்தான் என்பதை அமெரிக்க அறிவியலாளர் ஜார்ஜ் புரூக்ஸின் ஆய்வுகள் நிலைநாட்டின. உருவாகிற வேகமும் எரிகிற வேகமும் சமமாக நிற்கும் அந்த எல்லையைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளுவதுதான் டெம்போவின் வேலை. கார்பன் தகடு வைத்த காலணி சில விநாடிகள் தரும், மறுப்பதற்கில்லை. இந்த எல்லையை அது நகர்த்தாது.

சென்னை ஓட்டக்காரருக்கு இன்னொரு பாடமும் சேர்கிறது. கடற்காற்றின் ஈரத்தில் வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே வழிகிறது. வழியும் வியர்வை குளிர்விக்காது. உடம்பைக் குளிர்விக்க ரத்தத்தைத் தோலுக்கு அனுப்ப வேண்டும், ஓடத் தசைக்கும் அனுப்ப வேண்டும். அதே வேகத்துக்கு இதயம் அதிகம் துடிக்கிறது. மே மாதத்தில் ஐந்து நிமிட வேகம் கேட்கும் உழைப்பை ஜனவரி கேட்காது. இது புரிந்தவர் மே மாத நேரத்தைப் பார்த்து மனம் தளரமாட்டார். மூச்சைக் கொண்டு வேகத்தை அளப்பார், குளிர் வரும்வரை காத்திருப்பார். 2008 முதல் பெங்களூரில் நடக்கும் பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு இங்கிருந்து போகிறவர்கள் வேறொரு கணக்குப் போட வேண்டும். அங்கே காற்று குளுமை, ஆனால் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெயில் நாட்டில் நெடுந்தூர ஓட்டம் வளராது என்று யாராவது சொன்னால் புதுக்கோட்டை மாவட்டத்து கோ. லட்சுமணனைச் சொல்லுங்கள். 2017இல் புவனேஸ்வரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5000, 10000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர்.

நாலாவது கிலோமீட்டர்தான் மிகவும் நீளம். அங்கே வேகத்தைக் கூட்ட முடியாது. விடாமல் இருந்தாலே பெரிது. மூன்றாவதில் அளவோடு இருந்தவருக்கு மட்டும் நாலாவதில் விடாமல் இருக்க வழி உண்டு. கடைசிக் கிலோமீட்டரில் அளவு பார்க்கும் வேலை முடிந்துவிடுகிறது. அதுவரை காவல் காத்த மனம் கையை எடுத்துக்கொள்கிறது, உள்ளதெல்லாம் வெளியே வரலாம். ஐந்தாவது கிலோமீட்டர் முதல் கிலோமீட்டரைவிடச் சில விநாடி வேகமாக இருந்தால், அவர் அந்த ஓட்டத்தைச் சரியாகப் படித்திருக்கிறார் என்று பொருள்.

நான் சொன்ன பெண்மணி ஒரு குளிர்காலத்தில் 25 நிமிடம் 4 விநாடியில் முடித்தார். அடுத்த குளிர்காலத்தில் 24 நிமிடம் 51 விநாடி. 13 விநாடி குறைந்திருக்கிறது. அவருடைய வேகத்தில் அது சாலையில் 43 மீட்டர். ஒரு வருடத்துக்கு முந்தைய தன்னையே 43 மீட்டர் பின்னால் விட்டு வந்திருக்கிறார். மெதுவாக ஓடச் சம்மதித்த காலைகள், எறிந்துவிடாமல் வைத்திருந்த முதல் கிலோமீட்டர், வளைவில் விளிம்பை ஒட்டிப் போட்ட கோடு எல்லாம் சேர்ந்து தந்த தூரம் அது. வயது ஒரு பக்கம் இழுக்க, இன்னொரு பக்கம் பொறுமையும் அறிவும் சேர்ந்து இழுத்து வென்ற 43 மீட்டர். உலக சாதனையைப் பாராட்டும் அதே மனதோடு அதையும் பாராட்டத் தெரிந்தவரே ஓட்டத்தின் நல்ல ரசிகர்.