தந்தைக்குக் கூற்று இல்லையா?

அகப்பாடல்களில் யார் பேசலாம், யார் பேசலாகாது என்பதைத் தொல்காப்பியர் செய்யுளியலில் வரையறுத்துச் சொல்லியிருக்கிறார். தலைவி பேசலாம், தோழி பேசலாம், பெற்ற தாயும் வளர்த்த தாயும் பேசலாம். தந்தைக்கும் தமையனுக்கும் அங்கே நேரான கூற்று இல்லை. அவர்கள் சொன்னதாகப் பிறர் எடுத்துச் சொல்லலாமேயன்றி, அவர்களே வாய் திறந்து பேசுதல் மரபன்று. மகளைப் பிரிந்து வருந்தும் தாயரின் பாடல்கள் நமக்கு எத்தனையோ கிடைத்திருக்கின்றன. அதே வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த தந்தையின் பாடலைக் காணோம்.

பயிற்சிக் கல்லூரி நாளில் இதனைப் படித்தபோது இலக்கண நுட்பம் என்று வியந்ததோடு நின்றுவிட்டேன். இதன் பொருள் எனக்கு உறைத்தது ஒரு சின்னத்திரைத் தொடரால் என்றால் தமிழாசிரியர் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பினும் சொல்லத்தான் வேண்டும்.

அத்தொடர் 'மெட்டி ஒலி'. திருமுருகன் இயக்கத்தில் 2002 முதல் 2005 வரை சன் தொலைக்காட்சியில் வந்தது. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் மீண்டும் ஒளிபரப்பாயிற்று. கதையின் நடுத்தூண் சிதம்பரம் என்னும் முதியவர். நடித்தவர் டெல்லி குமார். மனைவியை இழந்தவர். தனம், சரோஜா, லீலா, விஜி, பவானி என ஐந்து பெண்களை ஆளாக்கியவர். ஐந்து பெண்களைப் பெற்றால் அரசனும் ஆண்டி என்பது நம் பழமொழி. அரசனுக்கே அந்நிலை என்றால் இவர்போன்ற எளிய மனிதரின் நிலையைச் சொல்ல வேண்டுமோ?

தொடரின் பெயரே பொருள் பொதிந்தது. மெட்டி, மணமான பெண்ணின் காலில் கிடப்பது. அதன் ஒலி அவள் எந்த வீட்டில் நடமாடுகிறாள் என்பதை அறிவிப்பது. ஆகவே இக்கதையில் தந்தையின் வேலை, ஐந்து மெட்டிகளின் ஒலியைத் தன் வீட்டிலிருந்து வேறு வீடுகளுக்கு அனுப்பி வைப்பதாகும். அனுப்பிய பின் அவ்வொலி எப்படி ஒலிக்கிறது என்று காது கொடுத்துக் கேட்பது தாயின் வேலை. தாய் இல்லை. அந்த வேலையும் சிதம்பரத்தின் தலையில் விழுகிறது. அதற்குரிய மொழியை மரபு அவருக்குக் கற்றுத் தரவில்லை. அதனால்தான் அவர் பல இடங்களில் பேச வேண்டியபோது கண் கலங்குகிறார். கேட்க வேண்டியபோது தலை குனிகிறார். டெல்லி குமாரின் நடிப்பு உயர்ந்து நிற்பதும் இங்கேதான். சொல் வராத மனிதரின் தவிப்பை மிகையின்றிக் காட்டினார்.

பிறநாட்டுக் கதை ஒன்றை இதனோடு ஒப்பிட்டுக் காண்பது பயனுடையது. ஆஸ்திரேலியாவில் 1985இல் தொடங்கிய 'நெய்பர்ஸ்' என்னும் நெடுந்தொடரிலும் ஜிம் ராபின்சன் என்றொரு குடும்பத் தலைவர் உண்டு. அவரும் மனைவியை இழந்து பிள்ளைகளை வளர்த்தவரே. ஆனால் மனைவியின் தாய் ஹெலன் அவருடன் அதே வீட்டில் வாழ்ந்து, பேரப்பிள்ளைகளுக்குத் தாயின் இடத்தில் நிற்கிறார். அங்கே மாமியார் வீட்டைத் தாங்கும் கை. நம் கதையிலோ மாமியார் என்றதும் நினைவுக்கு வருபவர், சாந்தி வில்லியம்ஸ் நடித்த இராஜம். சரோஜாவின் வாழ்வை நாள்தோறும் துன்பமாக்குபவர். கணவன் மாணிக்கம் தாய் சொல்லைத் தட்டாதவன். அந்த வாசலில் போய் நிற்கிறார் சிதம்பரம்.

இங்குத்தான் என் குறையைச் சொல்ல வேண்டும். மகள் துன்புறுகிறாள் என்று தெரிந்தும் தந்தை பொறுத்துப் போகிறார். அவளையும் பொறுத்துப் போகச் சொல்கிறார். ஒருத்தி திரும்பி வந்தால் மற்ற பெண்களை யார் கட்டுவார் என்னும் அச்சம் அவரைக் கட்டிப் போட்டிருக்கிறது. இந்தப் பொறியைத் தொடர் நன்கு அறிந்து காட்டுகிறது. அது அதன் வலிமை. ஆயின், பொறியில் அகப்பட்டவரின் செயலின்மையையே பெருந்தன்மையாகவும் காட்டிவிடுகிறது. அது அதன் குறை. சீதனம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என இந்தியாவில் 1961ஆம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. நாற்பது ஆண்டுகள் கழித்து வந்த கதையிலும் தந்தையின் கைகள் கூப்பியே இருக்கின்றன.

நம் இலக்கியத்தில் வேறு வழி காட்டியவர் இல்லாமல் இல்லை. பாரி மாய்ந்த பின் அவன் பெண்களுக்குத் தந்தையாய் நின்றவர் கபிலர். அவர்களை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடம் சென்றார், இருங்கோவேளிடம் சென்றார். இருங்கோவேள் மறுத்தபோது புலவர் தலை குனியவில்லை. அவன் முகத்துக்கு நேரே இடித்துரைத்தார். அதனைப் புறநானூறு காத்து வைத்திருக்கிறது. மறுபுறம் கண்ணகியின் தந்தை மாநாய்கனைப் பாருங்கள். மகளைக் கணவன் கைவிட்டிருந்த காலமெல்லாம் அவன் குரலைச் சிலம்பில் நாம் கேட்பதில்லை. எல்லாம் முடிந்த பின், பொருளைத் தானம் செய்துவிட்டு ஆசீவகர்பால் துறவு பூண்டான் என்ற செய்தியே வருகிறது. அதுவும் பிறர் வாய்ச்சொல்லாக! சிதம்பரம் கபிலர் வழியை விட்டு மாநாய்கன் வழியில் நின்றவர்.

இவ்வளவு கடுமையாக எழுத எனக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். உரிமை இல்லை, கடன் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்தில் ஒரு தொழிலாளி என்னிடம் வந்தார். மனைவியை இழந்தவர். அவர் மகள் என் பழைய மாணவி. மணமாகி வேறு தோட்டத்தில் இருந்தாள். தீபாவளிக்கு வந்தவள் கையில் தழும்பு கண்டாராம். "சார், அவ ஆத்தா இருந்தா கேட்டிருப்பா. எனக்கு என்ன கேக்கணும்னே தெரியல" என்றார். நான் தலைமையாசிரியன், நாலு சொல் தெரிந்தவன் என்று நம்பி வந்தவர். "கொஞ்சம் பொறுத்துப் போகச் சொல்லுங்க, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பினேன். குடும்ப வன்முறைச் சட்டம் நம் நாட்டில் 1994இல் இயற்றப்பட்டு 1996இல் நடைமுறைக்கு வந்திருந்ததை நான் அறியாதவன் அல்லன். ஆயினும் வாயில் வந்தது அந்தப் பழைய சொல்தான். இரண்டாண்டு கழித்து அவள் குழந்தையோடு தானே திரும்பி வந்தாள். ஒரு காது கேளாமற் போயிருந்தது.

அவள் தந்தை என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவருக்கும் கூற்று இல்லை அல்லவா?

ஆகவே சிதம்பரத்தைக் குறை கூறும்போது என்னையும் சேர்த்தே கூறுகிறேன். அவர் கெட்டவர் அல்லர், நல்லவர். நல்லவர் வாய் மூடியிருப்பதால் விளையும் கேட்டைத்தான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். மகளிடம் ஒரு தந்தை கேட்க வேண்டிய கேள்வி நீளமானதன்று: "நீ அங்கே நலமாக இருக்கிறாயா?" அவள் இல்லை என்றால் சொல்ல வேண்டிய விடையும் நீளமானதன்று: "வா, அம்மா. இது உன் வீடு."

தொல்காப்பியர் விதித்தது பாட்டுக்கு. வீட்டுக்கு அன்று.